பொட்டு

சனி காலை பத்து மணி. பெண்டிகோ.
டிக்கியில் அளவுநாடா, பதினெட்டுக் கேள்விப் படிவம்,
ஒரு பொதி நாய் பிஸ்கட்.
நாய் இல்லாத வீட்டுக்குத்தான் போகிறேன்,
ஆனாலும் பழக்கம்.

இந்த மாதத்தில் நாலாவது வீடு.
முதல் வீட்டில் நீச்சல்குளத்துக்குக் கதவில்லை.
இரண்டாவது வீட்டுக்காரி வெள்ளைச் சோபாவைக் காட்டி
முடி கொட்டுமா என்று மூன்று தரம் கேட்டாள்.
மூன்றாவது சரி. அங்கே இப்போது
ஒரு கிழட்டு லாப்ரடோர்
ஹீட்டரை மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

இன்றைய நாய் கிரேஹவுண்ட்.
பந்தயத்தில் நாற்பத்தொரு தரம் ஓடி
இரண்டு தரம் வென்றவள்.
காதுக்குள் பச்சையாய்க் குத்திய எழுத்துகள்.
படிக்கட்டு தெரியாது, கண்ணாடி தெரியாது,
சோபா மட்டும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது என்றாள்
தற்காலிகமாய் வைத்திருக்கும் டெனிஸ்.

மணி அடிக்குமுன் கதவு திறந்தது.
சோ தா டோ. கோழித் தொழிற்சாலையில் இரவு வேலை.
தூங்காத கண். இஸ்திரி போட்ட சட்டை.
மனைவி, பையன், இரண்டு பெண்கள்
உயர வரிசையில் சுவரோரம் நின்றார்கள்.
மேசையில் வாடகை ஒப்பந்தம், குடியுரிமைப் பத்திரம்,
பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகூட.
நான் கேட்குமுன்னே
அறைக் கதவெல்லாம் திறந்தார்,
அலுமாரி திறந்தார்,
மெத்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
என்னைப் பார்த்தார்.

இறக்குங்கள் என்றேன்.
வேலி பார்க்கத்தான் வந்தேன், வேலி மட்டும்.

படிவத்தின் தலைப்பை என் மொழியில் சொன்னால்
வீட்டுச் சோதனை.
இத்தனை நாளும் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டதால்
அந்தச் சொல் என் கையில் இருந்ததை
நான் காணவில்லை.
அம்மாவும் ஒருநாள்
அரிசி வாளியின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டு
இப்படித்தான் நின்றாள்.
வந்தவர்களிடமும் படிவம் இருந்தது. பேனாவும்.

பின்வளவு. ஆறடிப் பலகை வேலி, திருத்தமாய்.
மூலையில், எலுமிச்சைக்குப் பின்னால்,
பலகை உக்கி ஒரு துவாரம்.
நெற்றியில் வைப்பதல்ல; எங்கள் பக்கத்தில்
இதற்கும் பேர் பொட்டு.
நாய் போகும், கோழி போகும்,
ஜீப் வெளிச்சம் ஒழுங்கைக்குள் திரும்பினால்
குனிந்து நாங்களும் போவோம்.

நாடாவை வைத்தேன். முப்பத்தொரு சென்ரிமீற்றர்.
இதை அடைக்கவேண்டும் என்றேன்.
அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"அடைத்தால் அது எப்படி வெளியே போகும்?"
"ஏன் போகவேண்டும்?"
அவர் பதில் சொல்லவில்லை.
நானும் திருப்பிக் கேட்கவில்லை.
எலுமிச்சையில் ஒரு மைனா
எதற்கோ கத்தியது.

சின்னவளின் பெயர் போ வா.
அவள் மொழியில் வெள்ளைப் பூ.
என் மொழியில் என்னவென்று சொன்னேன்:
போ. வா.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
"நாய்க்கு எங்களைப் பிடிக்காவிட்டால்
இதில் எந்தக் கட்டம்?" என்றாள்.
கட்டமில்லை, ஓரத்தில் எழுதுவேன் என்றேன்.
இருவருமாய்க் கண்ணாடிக் கதவில்
அவளுடைய மீன் ஸ்டிக்கர்களை ஒட்டினோம்,
நாயின் கண்ணுயரத்தில்.
அது எவ்வளவு என்று பார்க்க
நான் முழங்காலில் நிற்கவேண்டியிருந்தது.
அதற்குப் பிறகுதான்
சுவரோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராய் உட்கார்ந்தார்கள்.

கேள்வி பதினொன்று, துவாரங்கள் அடைக்கப்பட்டுள்ளனவா?
இல்லை. செவ்வாய்க்குள் அடைப்பார்.
கேள்வி பதினெட்டு, பரிந்துரைக்கிறீர்களா?
பேனா எழுதவில்லை. உதறிவிட்டு
இரண்டு தரம் ஆம் போட்டேன்.

எப்சம் பெற்றோல் நிலையத்தில் நிற்கும்போதுதான்
நத்தை மருந்து பற்றிக் கேட்காதது நினைவு வந்தது.
போன் எடுத்தேன். பின்னால் சுத்தியல் சத்தம்,
பையன் அடிக்கிறான் போல.
மருந்து இருக்கிறதா, நாய் நக்கினால் ஆபத்து என்றேன்.
"மருந்து இல்லை," என்றார்.
சுத்தியல் ஒரு கணம் நின்றது.
"நத்தை நிறைய இருக்கிறது."