நாற்பது எழுத்துக்குள்

ஸெகெட் நகர மருத்துவமனை, இரண்டாம் தளம்,
ஜன்னல் இல்லாத அறை.
எனிக்கோவின் கையில் இன்று பதினெட்டு தொலைபேசி எண்கள்.
எல்லாரும் மலக்குடலை வெட்டி ஐந்தாண்டு முடிந்தவர்கள்.

முதல் கேள்வி எப்போதும் அவள் கேட்காத கேள்வி.
யாராவது எடுத்து ஹலோ என்றால்
அதற்குப் பதில் வந்துவிட்டது.

மூன்று பேர் எடுக்கவில்லை.
ஒரு மகள் எடுத்தாள், "மார்ச் மாதமே" என்றாள்,
வைத்துவிட்டாள்.
எந்த மார்ச் என்று மறுபடி கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.
தேதி இல்லாமல் கோடு இறங்காது.

கோடு என்பது சுவரில் ஒட்டியிருக்கும் வரைபடம்.
மேலே நூறு சதவீதத்தில் புறப்படும்,
ஒருவர் போக ஒரு படி இறங்கும்.
இருப்பவர்கள் அதன்மேல்
நகக்கீறல் அளவுக்குச் சின்னக் குத்துகள்.

நூற்றுப் பதினான்காம் எண், ஓடோன் கர்தோஷ்.
ஆசனவாயிலிருந்து ஆறு சென்டிமீட்டரில் கட்டி.
பதினேழு நிணமுடிச்சுகள் எடுத்ததில் இரண்டில் இருந்தது.
ஐந்தாம் நாள் தையல் கசிந்தது,
ஆறாம் நாள் இரவு மறுபடி மேசை.
ஒன்பது மாதம் வயிற்றோடு ஒரு பை.
பிறகு குடலை உள்ளே தள்ளி மூடிவிட்டு
"வழி திறந்தாயிற்று" என்றார் டாக்டர் வெரெஷ்.

கசிந்தவர்களும் கசியாதவர்களும்
இப்போது எப்படி இருக்கிறார்கள்,
அதுதான் ஆய்வு.

"ஒரு முறை போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள்
மறுபடி போக நேர்கிறதா?
இல்லவே இல்லை, வாரம் ஒருமுறைக்குக் குறைவு,
வாரம் ஒருமுறையாவது."
"அம்மா, நான் டிராம் ஓட்டுகிறவன்."
"சொல்லுங்கள்."
"பதினான்கு நிறுத்தம். கழிப்பறை இரண்டு முனையிலும்தான்.
நடுவே ஏழாவது நிறுத்தத்தில் ஒரு பூக்கடை,
யுடிட் என்று ஒரு பெண், சாவி தருவாள்.
வண்டி நிற்கும், ஜனங்கள் மணி பார்ப்பார்கள்,
நான் கார்னேஷன் வாளிகளைத் தாண்டி ஓடுவேன்.
இது எந்தக் கட்டத்தில் வரும்?"

மூன்றாவது கட்டத்தில் வந்தது.

"காற்றை அடக்க முடிகிறதா?"
அந்தப் பக்கம் சிரிப்பு.
"அடக்குவதற்கு முன் அது எது என்று தெரிய வேண்டுமே,
காற்றா, மற்றதா?
வாசலில் நின்று ஆள் பார்த்து விடுகிற காவல்காரனை
நீங்கள்தானே வெட்டி எடுத்தீர்கள்."

மிளகாய்ப்பொடி போட்ட மீன்சூப்
ஞாயிறு மட்டும் என்றார்.
அன்று வண்டியும் இல்லை, மானமும் இல்லை.

"மனைவியோடு..." என்று எனிக்கோ தொடங்க
"அதை அவளிடமே கேளுங்கள்" என்று போனைக் கொடுத்துவிட்டார்.
விதிப்படி மனைவியிடம் கேட்கக் கூடாது.
பிரோஷ்கா பேசுவதற்கு முன் மூச்சு கேட்டது.
"பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்தார்,
நாற்றம் வரும் என்று.
வரவில்லை. அதைச் சொல்ல
எனக்கு இரண்டு வருஷம் ஆனது.
இப்போதும் அதே அறைதான். ஆனால் நடுவில் கதவு திறந்திருக்கும்.
இதை எழுதிக்கொள்வீர்களா?"

மதிப்பெண் முப்பத்து நான்கு. வகை: தீவிரம்.

மாலையில் புள்ளியியல் பார்க்கிற பொக்லார்கா
பேனா முனையால் ஓர் எண்ணைத் தட்டினாள்.
"வேறுபாடு இருக்கிறது, குறிப்பிடத்தக்கதல்ல.
இன்னும் நாற்பது பேர் இருந்திருந்தால்..."
இன்னும் நாற்பது பேருக்குக் கசிந்திருந்தால்.
அதைச் சொல்லாமல்
காப்பிக்குச் சர்க்கரை தேடினாள்.

குறிப்புகள் என்ற நெடுவரிசையை மென்பொருள் படிப்பதில்லை.
நாற்பது எழுத்து பிடிக்கும்,
மீதியை விழுங்கிவிடும்.
தெரிந்தும் எனிக்கோ எழுதுகிறாள்.

எண் 9
நாய் செத்துப்போனது. எடை குறைந்தது அதனால்தான், புற்றுநோய் இல்லை எ

எண் 62
விமானத்தில் நடைவழி இருக்கை கிடைத்தது. லிஸ்பன் போய்ப் பேரனைத் தூக்

எண் 114
பூக்கடை ஏழாவது நிறுத்தம். சாவி யுடிட்டிடம். கதவு திறந்தே தூங்கு