பன்னிரண்டாவது அழைப்பு

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு. நூலக மண்டபம்.
மின்சாரம் போய் நாற்பது நிமிடம்.
கைப்பேசி வெளிச்சத்தில் எழுந்தாள்
கோகி படையாச்சி,
சமூகக் காவல் மன்றத் தலைமைக்கு
இரண்டாம் வேட்பாளர்.

முதல் ஆள் கேமரா என்றார், மின்வேலி என்றார்.
கைதட்டல் இன்னும்
தகரக் கூரையில் ஒட்டியிருந்தது.

இவள் சொன்னாள்:
நிலையத்துத் தொலைபேசியை யாராவது எடுக்கணும்.
என் தங்கை பதினொரு தடவை அடித்தாள்.
பன்னிரண்டாவது நான் அடித்தேன்,
ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து.

அப்புறம்,
ரோந்து வண்டி ஓடையைத் தாண்டணும்.
அக்கரைத் தகரக் கொட்டகைகளிலும்
பூட்டு உடைகிறது.

‘அவங்களுக்கு எதுக்கு நம்ம வண்டி?’
பின்வரிசையில் ஒரு குரல்.
தண்ணீர் குடித்தாள். மூடியைத் திருகினாள்.
‘கான்ஸ்டபிள் சிதோலே அங்கேதான் குடியிருக்கார்.
சீருடையைப் பையில் ஒளிச்சுகிட்டுதான்
வீட்டுக்குப் போறார்.’

யாரோ இருமினார்கள்.
தெருவிளக்கு பற்றியும் ஏதோ சொன்னாள்,
ஜெனரேட்டர் இரைச்சலில் கேட்கவில்லை.

ஒன்பது வாக்கில் தோற்றாள்.
அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது.

இரவு, கதவுக்கு மூன்று தாழ் போட்டபின்,
சும்மாதான்,
நிலைய எண்ணை அழுத்தினேன்.

மணி அடிக்கிறது.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.