சட்டை

சீட்டு எடுத்தது இருபத்தைந்து.
மாசி முகூர்த்தத்தில் மூன்று ஆல்பம் முடித்த கூலி ஆறு.
முப்பத்தோராயிரம் என்று
கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கம் எழுதி
இரண்டு கோடு இழுத்தேன்,
அதற்குமேல் பைசா கிடையாது என்று
எனக்கே சொல்லிக்கொள்ள.

பிராசசர் ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டியது.
இருக்கட்டும், நானும் ஒரு ஸ்டுடியோ கழித்துக்கட்டியவள்தான்.
எட்டு ஜிபி ராம் போதும்க்கா என்றான்
சென்னைக் கடைக்காரன்.
தாலி கட்டும் நேரத்துக்கே
நூற்றெண்பது படம் எடுக்கிறார்கள் தம்பி,
பதினாறு போடு.
கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், நான் விளையாடப்போவதில்லை.
பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.
குறுவை நடவுக்கு மோட்டார்கள் சேர்ந்து ஓடும்போது
எங்கள் தெரு டியூப்லைட்
கண் திறக்கவே யோசிக்கும்.

பதினோராயிரம் மானிட்டருக்கே போனது.
பழைய திரையில் பெண்ணின் மஞ்சளும்
மாப்பிள்ளையின் சந்தனமும் ஒரே சேறு.
ஆகவே கேபினட் என்ற வரியை அடித்தேன்.
உள்ளே இருப்பது ஓடினால் போதும்,
சட்டை பிறகு.

பார்சல் ஏறிய பஸ்
நீடாமங்கலம் கேட்டில் மாட்டிக்கொண்டது.
எப்ப திறக்குமோ, நடந்து வந்து வாங்கிக்கம்மா
என்றார் கண்டக்டர்.
இந்தப் பக்கம் நான்
அந்தப் பக்கம் என் மானிட்டர்
நடுவில் நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
வண்டி வண்டியாக, அவசரமே இல்லாமல்.
கடைசிப் பெட்டி போனதும்
கேட் ஏறுமுன் குனிந்து போனேன்.
இதை எழுதக்கூடாது, ஆனால் போனேன்.

நைலக்ஸைக் கழற்றிவிட்டுப் பருத்திப் புடவை,
தொடுவதற்கு முன் ஒருமுறை
இரும்பு பீரோவைத் தொட்டுக்கொள்வது,
பேஸ்ட் பச்சைப்பயறு அளவு.
பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
ராமைப் பிடுங்கிக் கட்டைவிரலால் அமுக்க
கடக்.
விசிறி சுற்றியது.
பிளைவுட் பலகைமேல் குடல் தெரியப் படுத்திருந்தது,
பல்லி விழாமல் இருக்க
சாப்பாட்டை மூடும் வலைக்கூடையை
அதன்மேல் கவிழ்த்தேன்.

முதல் வேலை கல்யாணம் இல்லை.
மதகு லஸ்கர் பக்கிரிசாமி, பதினாறாம் நாள் பிளெக்ஸ்.
இருப்பது ஒரே படம்:
தண்ணீர் திறந்த அன்று ஷட்டர் சக்கரத்தோடு,
வெற்று உடம்பாக, யாரோ போனில் எடுத்தது.
வெள்ளைச் சட்டை போட்டுருங்க என்று
மகன் முன்பணம் வைத்துவிட்டுப் போனான்.

என்னிடம் நாற்பது சட்டை உண்டு,
எல்லாம் சம்பந்திகளின் கழுத்துக்குக் கீழே வெட்டியவை.
பதினேழாம் நம்பர் அவர் தோளுக்குச் சரியாக உட்கார்ந்தது.

மகள் தையல்நாயகி போகவில்லை.
என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
அப்பா வெள்ளை போட்டதே இல்லக்கா, என்றாள்.
பின்ன?
பிஸ்கட் கலர்.
சந்தனத்தில் ஆரம்பித்தேன். இல்லை.
கொஞ்சம் பழுப்பு. இல்லை.
துவைச்சுத் துவைச்சுப் போன பிஸ்கட், என்றாள்.
ஸ்லைடரை ஒரு மயிரிழை நகர்த்தினேன்.
அவள் மூச்சு
என் பிடரியில் நின்றது.
இதான்.

பதினோராயிரமும் அந்த ஒரு சொல்லில் வசூல்.

மன்னார்குடி பிரஸ்காரன்
அதை ரோஸாக அடித்து அனுப்பினான்.
கேட்டருகே கட்டிய பிளெக்ஸில்
ரோஸ் சட்டையோடு சிரிக்கிறார் பக்கிரிசாமி,
நின்ற வண்டிகளுக்கெல்லாம்.
மகனுக்கு வித்தியாசம் தெரியவில்லை.
தையல்நாயகி மறுநாள் வந்தாள்,
ஒரு தடவை திறந்து காட்டுங்கக்கா, என்றாள்.

கூடையை எடுத்தேன்.
கேபினட்டுக்கு இன்னும் ஆயிரத்து நானூறு வேண்டும்.