எலிவால்

ஆகஸ்ட். டார்லிங் ஊரைத் தாண்டிய மணல்வெளி.
கடல் கண்ணுக்குத் தெரியாது,
உதட்டுக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்த வேலை இது:
நகக் கத்தரியால்
அறுபது செடிகளின் வாலை நறுக்க வேண்டும்.
இன்னும் அறுபதைத் தொடக்கூடாது.
பிறகு குப்புறப் படுத்து
யார் யார் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

ரொட்ஸ்டர்ட் என்போம் எங்கள் பேச்சில். எலிவால்.
பூவெல்லாம் தரையை ஒட்டி,
கொட்டாவி விடும் சிவப்பு வாய்கள்.
நடுவே ஒரு தண்டு மட்டும்
முழங்கால் உயரத்துக்கு மொட்டையாய் நிற்கும்.
இலை இல்லை, மொட்டு இல்லை.
எதற்கு என்று நாங்கள் கேட்டதே இல்லை;
பிடுங்கி ஒருவரை ஒருவர் விளாசிக்கொண்டதோடு சரி.

"அது உட்காரும் இடம், ஹென்ட்ரீனா" என்றார் டாக்டர் தெரோன்.
தேன்சிட்டு உட்கார.

தேனீக்கு இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாதாம்.
பறவைக்கு வாசனை பெரிதில்லையாம்.
ஆகவே செடி
மணத்துக்குச் செய்த செலவை நிறுத்தியது,
தேனில் தண்ணீர் கலந்தது,
குழாயை நீட்டியது, கொஞ்சம் வளைத்தது.
ஒரு பால்காரியின் கணக்கு.

ஆனால் செடி கணக்குப் போடவில்லை, அதையும் சொன்னார்.
எந்தச் செடிக்கு உச்சிப் பூ தவறிப்போனதோ
அந்தச் செடியில் கால் வைக்க இடம் இருந்தது.
அதற்கு நாலு விதை கூடுதலாய் விழுந்தது.
அவ்வளவுதான்.
அந்த அவ்வளவுதானுக்குள்
எத்தனை லட்சம் மழைக்காலம்.

கிழக்கே, தேன்சிட்டு அதிகம் எட்டிப் பார்க்காத பக்கம்,
இதே செடியின் வால் குட்டையாகிக்கொண்டு வருகிறதாம்.
வராத விருந்தாளிக்கு
யார்தான் பலகை போட்டுவைப்பார்கள்?

நான் பதினேழு வருடம்
செயின்ட் ஹெலினா விரிகுடாவில் மத்தி நறுக்கியவள்.
தலை, வால், தலை, வால்,
ரப்பர் பூட்ஸுக்குள் குளிர் நீர்.
ஒருமுறை ஸ்டூல் கேட்டேன்.
"உட்கார்ந்தால் கை தூங்கிவிடும்" என்றார் மேஸ்திரி பெஸ்டர்.
அவர் சொன்னது
உட்கார்ந்தபடி.

மூன்றாம் நாள் வந்தது அது.
மரகதப் பச்சை; தோளோரம் மஞ்சள் குஞ்சம்.
தொடாத செடியின் வாலைப் பிடித்தது,
தலைகீழாய்க் கவிழ்ந்தது,
அலகு முழுக்க உள்ளே.
நிமிர்ந்தபோது நெஞ்செல்லாம் மாவு,
அடுப்படியிலிருந்து அவசரமாய் வாசலுக்கு வந்தவள் போல.
அப்படியே அடுத்த வீட்டுக்கு.

நறுக்கிய செடியிடம் வந்தபோது
காற்றில் இரண்டு துடி துடித்தது.
நின்ற இடத்தில் பறக்கத் தெரிந்த குருவிகள்
வேறு கண்டத்தில் இருக்கின்றனவாம்; இது அந்த ஜாதி இல்லை.
மணலில் இறங்கியது.
இடமும் வலமும் பார்த்தது.
இங்கே மஞ்சள் நாகம் உண்டு, அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
ஒரு வாய் குடித்தது, பாதியில் போய்விட்டது.
நான் குறித்தேன்: ஒன்று. மூன்று விநாடி.

ஐந்தாம் நாள் மாலை
ஒரு தப்பு செய்தேன்.
நறுக்கிப் போட்ட வால் ஒன்றை எடுத்து
நாற்பத்துமூன்றாம் செடியின் பக்கத்தில்
மணலில் குத்தி வைத்தேன்.
மறுநாள் நானே குறிப்பேட்டில் எழுதியும் கொடுத்தேன்.
டாக்டர் ஒன்றும் திட்டவில்லை.
நாற்பத்துமூன்றின் மேல் ஒரு கோடு இழுத்தார்.
அறுபது ஐம்பத்தொன்பது ஆனது.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
அன்று காலை ஆறே முக்காலுக்கு
அது வந்தது. உட்கார்ந்தது.
ஈர மணலில் என் குச்சி
மெல்லச் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது,
சிட்டு சிறகடித்துச் சமாளித்து
எழும்பிப் போய்விட்டது.

இரண்டு விரல் ஆழம் போதாது.
நாலு விரலாவது ஊன்றியிருக்க வேண்டும்.