அரைப் பேர்

இரவு இரண்டு மணிக்கு எங்கள் பிரட்டு.
லிந்துலையில் மூடுபனி. அலுமாரி மேல் ரவுட்டர்,
அதற்கும் மேல், தகரம் ஒழுகும் இடத்தில்
ஒரு பிளாஸ்டிக் பேசின்.

கண்டம் தாண்டி ஒரு மண்டபத்தில்
நூற்றிருபது பேர் கோப்பியோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.
இணையத்துக்கு விதி எழுதுகிறவர்கள்.
இங்கே அரசன் இல்லை, வாக்கெடுப்பு இல்லை
என்பது அவர்கள் பெருமை.
அதில் எனக்கும் பங்குண்டு, நாலு வருசமாய்.

இன்றைய வழக்கு ஒரு சொல்.
முகவரி எழுதும் முறையில்,
பதினேழாம் பக்கம், மூன்றாம் பத்தி:
‘வீட்டு இலக்கம் இருக்க வேண்டும்.’
‘இருக்கலாம்’ என்று மாற்றுங்கள் என்கிறேன்.
எங்கள் லயத்தில் பத்துக் காம்பரா,
பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர்.
கடிதம் ஆபீசுக்கு வரும்;
பிறகு யாராவது மலைக்கு ஏறுகிறவர் கையில் வரும்;
நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வரும்.

ஒலிவாங்கிக்கு முன் ஏழு பேர் வரிசை.
ஹென்ரிக் சொல்கிறார்,
கட்டாயம் என்றால்தான் இயந்திரம் கேட்கும்.
ஒருவர் காற்புள்ளியைப் பற்றிப் பதினொரு நிமிடம்.
இன்னொருவர், முதலில் வீடு என்றால் என்னவென்று
வரையறுத்தாக வேண்டும் என்கிறார்.
அதைத்தான் இருநூறு வருசமாய்க் கேட்கிறோம்
என்று தட்டி, அழித்துவிட்டேன்.

நடுவில் நிருவாகத்திலிருந்து ஒரு வரைபடம்.
ஓர் ஆவணம் முடிய முன்பு ஒன்றரை வருடம்,
இப்போது மூன்றரை.
பக்கம் கூடுகிறது, முடிவு குறைகிறது.
இனி ஒவ்வொரு குழுவுக்கும்
ஆண்டுக்கு இத்தனை என்று
ஓர் அளவு வைத்தால் என்ன?

அளவு.
கொழுந்து மடுவத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் நான்.
பதினெட்டுக் கிலோ என்றால் ஒரு பேர்.
பதினேழரை என்றால் அரைப் பேர்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு கழிவு.
தராசு பொய் சொல்வதில்லை,
முள்ளைப் பார்க்கத்தான் விடுவதில்லை.
அளவை ஏற்றிய மாதம்
முற்றலும் காம்பும் கூடைக்குள் போகும்.
நிறை சரியாக இருக்கும்,
தேத்தண்ணியை வாயில் வைக்க முடியாது.

கையுயர்த்தும் பொத்தானை அழுத்தி இதைச் சொன்னேன்.
‘பேர்’ என்பதற்கு அவர்கள் பாஷையில் சொல் கிடைக்கவில்லை.
யாரோ சிரித்தார்கள், நல்லவிதமாகத்தான்.

பிறகு தலைவி கேட்டாள்:
மாற்றலாம் என்பவர்கள் உம் கொட்டுங்கள்.
மண்டபம் ‘ம்’ என்றது.
வேண்டாம் என்பவர்கள்?
மறுபடியும் ‘ம்’.
எது கனம் என்று காதால் நிறுக்கிறார்கள்.
தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பொத்தான்.
அதில் விரல் வைக்கையில் கரண்ட் போனது.

இருட்டில் ‘ம்’ என்றேன். சத்தமாகவே.
அடுத்த காம்பராவில் பிள்ளை விழித்து அழுதது.

ஐந்தே முக்காலுக்குக் கைபேசியில் முடிவு வந்தது.
கரடுமுரடாக ஓர் இணக்கம் தென்படுகிறதாம்.
‘இருக்க வேண்டும்’ போகிறது.
‘இருக்கலாம்’ வரவில்லை,
‘இருப்பது நல்லது’ வருகிறது.
அடுத்த கூட்டத்தில் உறுதி செய்வார்கள்.
அதற்குள் ஆறு மாதம் கடந்தால் வரைவு காலாவதி.
முன்பக்கத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம்.
கடைசிப் பக்கத்தில், நன்றிக்குக் கீழே,
‘ய. சின்னமருதை’.
என்னை ஓரெழுத்தாக்கி
அப்பாவை முழுசாக எழுதியிருக்கிறார்கள்.

படங்கைக் கட்டிக்கொண்டே மதினி கேட்டாள்,
‘ராமுழுக்கப் பேசுனியே, என்னா கெடச்சிச்சி?’
‘அரைச் சொல்லு.’
‘அதுக்கு எவ்வளவு போடுறாங்க?’
‘ஒண்ணுமில்ல.’
‘சும்மாவா?’ என்று கயிற்றை இறுக்கினாள் தங்கேஸ்வரி.
‘கணக்கப்புள்ள காதுல விழுந்துறப் போகுது.’

சங்கு ஊதியது. அவள் இறங்கிப் போனாள்.
பேசின் விளிம்புவரை நிரம்பியிருந்தது.
வாசலில் ஊற்றிவிட்டு வந்து
ஒன்பதாம் பதிப்பைத் திறந்தேன்.