நீலம் படுகிற இடம்

அஜ்மானில் ஏழாவது மாடி.
வீட்டு வரைபடத்தில் பணிப்பெண் அறை என்றிருந்த
ஜன்னலில்லாக் கட்டத்தில்
எண்பத்துமூன்று கிலோ லேத்.
வாட்ச்மேன் ஷம்சுதீனிடம் தையல் மெஷின் என்றேன்.
ஒருபக்கம் தூக்கிப் பார்த்தவர்
"கப்பலுக்குப் பாய் தைக்கவா?" என்றார்.

பகலில் பல் செய்கிறவள் நான்.
பிளாஸ்டர் தாடைகள் நீலத்தாளைக் கடிக்கும்;
கறை படிந்த மேட்டை மட்டும் தேய்ப்பேன்.
யாருடைய வாய் என்று தெரியாது,
ஒரு எண் இருக்கும்.

லேத்தோடு வந்த ஸ்பிண்டிலின் துளை
சுண்டுவிரலுக்கு மேல் எதையும் ஏற்காது.
சஜ்ஜா யார்டில் லாரி ஆக்ஸில் ஒன்று, நாற்பது திர்ஹம்.
ராஸ் அல் கைமா மலையிலிருந்து
ஜல்லி இறக்கிய வண்டி என்றான் விற்றவன்.
இருக்கலாம்.
சுருள்கள் வைக்கோல் நிறத்தில் கிளம்பி
ஊதாவாகி என் செருப்புக்குள் விழுந்தன.

பழைய ஸ்பிண்டில்தான் புதியதைச் சுழற்றியது.
எதற்கென்று அதற்குத் தெரிந்திருந்தால்
டூலை ஒடித்திருக்கும்.
இரண்டு சென்டருக்கு நடுவே எல்லாம் வட்டமாகத்தான் தெரியும்,
முனை மாற்றித் திருப்பிப் போடும்வரை.
போட்டேன். முள் ஆடியது.
இன்னொரு ஞாயிறு போயிற்று.

அருள்வளன் ரிக்கிலிருந்து வந்திருந்தான்,
இருபத்தெட்டு நாள் உப்புக்காற்றோடு.
ஃப்ரீசரைத் திறந்து
வாவலுக்கும் பட்டாணிக்கும் நடுவில்
தாளில் சுற்றியதை எடுத்து
"இது என்ன மீன்?"
"முள்ளில்லாதது. வை உள்ளே."

பேரிங்கைத் தோசைக்கல்லில் போட்டேன்.
தண்ணீர் தெளித்தால் உருண்டோடுகிற சூடு வந்ததும்
கையுறையோடு ஓடி, குளிர்ந்த இரும்பில் விட்டேன்.
விட்டேனா? நான் விடுமுன்பே இறங்கிவிட்டது.
வாஷிங் மெஷின்மேல் பழையது படுத்திருந்தது.
இனிப் பிழையென்றால்
அதைத் திருத்த வீட்டில் லேத் இல்லை.

டேப்பரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன்.
தன் பேரிங்கில் தானே சுற்றி
தன் வாயைத் தானே வெட்டிக்கொள்ளட்டும்.
சாய்வு ஒன்றரை டிகிரிக்கும் குறைவு.
மேல்ஸ்லைடைத் தள்ளவில்லை,
தள்ளலாமா என்று நினைத்தேன், நகர்ந்துவிட்டது.

லேபிலிருந்து எடுத்துவந்த தாள், எட்டு மைக்ரான்.
வை, திருகு, எடு.
வாயோரத்தில் மட்டும் நீல வளையம், உள்ளே வெறும் காற்று.
வை, திருகு.
அடித்தொண்டையில் ஒரு பொட்டு.
வை.
ஐந்தாவது முறை நெடுக நீலம்,
ஐம்பது ஃபில்ஸ் அளவுக்கு ஒரு வழுக்கை தவிர.
பல்லாயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு
சூடான அந்த வாய்க்குள்
ஏசிக் காற்றில் கிடந்த சென்டரை
உள்ளங்கையால் அழுத்தினேன்.
போல்ட் இல்லை, மரை இல்லை, பிடித்துக்கொண்டது.
பெருமையோடு தூங்கப் போனேன்.
காலையில் வரவில்லை.

பின்னாலிருந்து பித்தளைக் கம்பி, சுத்தியல்.
முதல் அடி.
இரண்டாம் அடிக்குக் கீழ்வீட்டிலிருந்து
துடைப்பக்கட்டையால் பதில்.
மூன்றாவதில் துணியில் விழுந்தது.

முள் அரைக்கோடுதான் ஆடுகிறது.
அதை நம்பாமல்
துளையில் கண்ணை வைத்துப் பார்த்தேன்.
மறுமுனையில் இன்னொரு கண்.
"உள்ள தூசி இருக்கு" என்றான்.