அரை நொடி

செல்லூரில், மூன்றாவது சந்தில், மாடி.
கீழே எட்டு விசைத்தறி
விடிய விடியத் துண்டு நெய்கிறது.
மேலே நான்
ஒரு வீடியோ பிளேயரை லினக்ஸுக்குப் பொட்டலம் கட்டுகிறேன்.

டீ வாங்கப் போகையில் ஒச்சம்மா கேட்பாள்:
"எத்தன டஜன் முடிஞ்சது?"
ஒண்ணுதான்க்கா. அதுவும் முடியல.

கூட வரவேண்டிய லைப்ரரி பதினேழு.
பதினாறு வந்துவிட்டது.
ஒன்று மட்டும் பழைய வெர்ஷனில் நின்று முறுக்கியது,
வண்டி அனுப்பினால்தான் வருவேன் என்னும்
தாய்மாமன் மாதிரி.

உரிமக் கோப்பில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும்.
பதினோரு வரி எழுதியவர் ஒருவர்;
தமிழ் சப்டைட்டிலில்
கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாய்
நின்றதைச் சேர்த்து வைத்தவர்.
நன்றி சொல்லிப் போட்ட மெயில் திரும்பி வந்தது.
பெயரை இரண்டு முறை சரிபார்த்து அடித்தேன்.

மூணே கால்.
கட்டி முடித்து
அனுப்பப் போன நேரம் கரண்ட் போனது.
ரவுட்டர் கண்ணை மூடியது.
எட்டுத் தறியும் நின்றன.
லேப்டாப் மட்டும் பேட்டரியில்
சோதனைப் படத்தை ஓட்டிக்கொண்டிருந்தது:
யாரோ தேங்காய் உடைக்கிறார்.

காய் இரண்டானது.
பிறகு
டொக்.

மூன்று வாரமாய்
தறிச்சத்தத்துக்குள் ஒளிந்திருந்த அரை நொடி.

திரும்ப ஓட்டினேன்.
இரண்டானது. டொக்.
திரும்ப.

இருட்டுக்குள்ளிருந்து ஒச்சம்மா:
"இந்நேரத்துல யாருக்குய்யா இத்தன தேங்கா?"

பொட்டலத்தைப் பிரித்தேன்.